கரண்ட் போனதுக்கு எனக்கு ஏன் தண்டனை?

தோத்துப்போன கடுப்பில எழுதுறான் என்று சொல்லுவீங்க. சொல்லுங்க. தோல்வி எங்களுக்குப் புதுசில்ல. புட்போலில ஒரு கோலால தோத்துட்டு, அடிச்சவனோடயே உக்காந்து பிளேன்டீ குடிச்சிட்டு வீட்டுக்கு வாற பிள்ளைகள் நாங்க. அந்தத் தோல்வி வலிக்கும், ஆனா எரியாது. யாரோட மோதினோம், எதால தோத்தோம் என்று தெரியும். போன் கேமில வாற இந்தத் தோல்வி எரியுது. வருசக்கணக்கா எரியுது.

நாங்க ஐந்து பேர். புத்தளம் தில்லையடியில ராத்தா வீட்டுத் திண்ணையில, இஷா தொழுது முடிச்சு வந்து உக்காருவோம். வேர்வையில விரல் வழுக்காம இருக்கப் பெருவிரலுக்குப் பவுடர் தடவுவோம். என்ட போனில மேல் மூலை வெடிச்சிருக்கும், அந்த மூலையில எதிரி வந்தா மச்சான்தான் சத்தம் போட்டுச் சொல்லணும். ஐந்துக்கு ஐந்து கேம். ரீலோட் போடுற காசை ஐந்து பேரும் பங்கு போட்டோம். யார் முன்னுக்குப் போறது, யார் காக்கிறது, யார் செத்தாலும் பரவாயில்ல என்று பாயுறது, எல்லாம் பேசிப் பேசிப் பழகினோம். ரேங்க் ஏறினோம். திறமையால ஏறினோம்.

பிறகுதான் அது தொடங்கிச்சு. ரெண்டு மெட்ச் வெல்லுவோம், அடுத்தது யாரோ ஒரு பெரிய டீம், பேருக்குப் பக்கத்தில போன சீசன் பட்டமெல்லாம் மின்னும். நசுக்கிப் போட்டுட்டுப் போவாங்க. திரும்பவும் அப்படியே. திரும்பவும். போனைத் தூக்கி வச்சிட்டுப் படுப்போம் என்று எழும்புற நேரத்தில ஒரு மெட்ச் வரும். எதிரி சுவரைப் பார்த்துச் சுடுவான், நேர்கோட்டில நடப்பான், பேர் வாய்க்கு வராத எழுத்தா இருக்கும். வென்றிடுவோம். சந்தோசத்தில இன்னும் ரெண்டு மணித்தியாலம் உக்காந்திருப்போம். அந்த வெற்றி யார் தந்தது? நாங்க எடுத்ததா, எங்களை எழும்ப விடாம இருக்கக் கையில வச்சதா?

யாரை யாரோட மோதவிடுறது என்று கேமுக்குள்ள ஒரு கணக்குத்தான் முடிவு பண்ணுது. ஆட்களின்ட திறமையை அளந்து சோடி சேர்க்கிற அந்தக் கணக்கு நியாயத்துக்காகத்தான் பிறந்தது. அர்பாட் ஈலோ என்ற பௌதிகவியல் பேராசிரியர் சதுரங்கக்காரர்களுக்காகப் புள்ளி முறை ஒன்றைச் செய்தார். 1960இல அமெரிக்க சதுரங்கச் சம்மேளனம் அதை எடுத்தது, 1970இல உலகச் சம்மேளனமும் எடுத்தது. யாருக்கு எத்தனை புள்ளி, தோத்தா எவ்வளவு குறையும், எல்லாம் வெளிச்சத்தில. பிறகு மைக்ரோசொப்ட்காரர்கள் டீமா விளையாடுறவர்களுக்கும் ஒரு கணக்குச் செய்தார்கள். அதுவரைக்கும் சரி.

2017இல இலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கொம்பனியின் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டார்கள். சமபலமான மெட்ச்தான் எப்பவும் நல்லது என்பது சரியில்ல, ஆளைக் கேமுக்குள்ளயே வச்சிருக்கிற மாதிரிச் சோடி சேர்க்கணும் என்று அதில எழுதியிருக்கிறார்கள். ஒருத்தன் கடைசியா ஆடின மூன்று மெட்சில வென்றானா தோத்தானா என்று பார்த்து, அவன் விட்டுட்டுப் போவானா இருப்பானா என்று கணக்குப் போடலாமாம். அதே வருசம் அக்டிவிசன் கொம்பனிக்கு ஒரு காப்புரிமை கிடைச்சது. புதுசா வாறவனை விலை கூடின ஆயுதம் வச்சிருக்கிறவனோட சேர்த்துவிட்டு, அவனுக்கும் வாங்குற ஆசையை மூட்டுற வழி அது. எந்தக் கேமிலயும் அதைப் பாவிக்கல்ல என்று கொம்பனி சொன்னது. சரி, நம்புறேன். ஆனா அப்படியொரு யோசனை ஒரு மேசையில உக்காந்து எழுதப்பட்டதுதானே? எழுதினபோது எங்களை நினைச்சாங்களா?

இவ்வளவுக்கும் நியாயமா இருந்தா நட்டமும் இல்ல. 2024இல அதே அக்டிவிசன் கோல் ஒஃப் டியூட்டியில செய்து பார்த்த சோதனையை வெளியிட்டது. திறமையைப் பார்த்துச் சேர்க்கிறதைத் தளர்த்தினதும், உச்சியில இருந்த கொஞ்சப் பேரைத் தவிர மத்த எல்லாருமே திரும்பி வாறது குறைஞ்சு போச்சாம். நசுக்கப்படுறவன் போயிடுவான் என்று, கேம் கொம்பனிக்காரங்களே, உங்களுக்கே தெரியும். தெரிஞ்சுமா?

நாங்க விளையாடின கேம்காரங்க இப்படித்தான் செய்தாங்க என்று என்னால நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி மூடி வச்சிருக்கிறாங்களே, அதுதான் என்ட முறைப்பாடு. அரைக் கிலோ மீன் வாங்கப் போனாலும் தராசு முள்ளு என்ட கண்ணுக்கு முன்னால ஆடும்.

இனிக் கரண்ட் கதை. களப்புக்கு அந்தப் பக்கம் நுரைச்சோலை. மூன்று இயந்திரம், 900 மெகாவாட். நாட்டுக்கே கரண்ட் குடுக்கிற நிலையம் எங்கட மாவட்டத்திலதான் நிக்குது. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த மாதங்களில முதல்ல ரவுட்டர் சாகும். போன் டேட்டாவுக்கு மாறுவோம். கொஞ்ச நேரத்தில டவரில பெட்டரி இறங்கும், ஐந்து பேரும் ஒரே நொடியில விழுவோம். கரண்ட் வந்து திறந்து பார்த்தா, சிவப்பெழுத்தில எங்களுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கும். மெட்சை விட்டு ஓடினவர்கள். புள்ளி வெட்டு. இத்தனை நாளைக்கு ரேங்க் விளையாடத் தடை. நன்னடத்தைப் புள்ளி குறைப்பு. அது குறைஞ்சதும், அதே மாதிரிக் குறைஞ்சவர்களோடதான் சேர்த்துவிடும். அவங்க பாதியில விட்டுட்டுப் போக நாங்க தோப்போம், இன்னும் இறங்குவோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு ஒன்று பட்டு நாடே இருண்டுச்சு, நுரைச்சோலையும் நின்றுபோச்சு, பிறகு நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் வெட்டினாங்க. அப்பவும் அதே சிவப்பெழுத்து. ஒரே டவரில இருந்த ஐந்து பேர் ஒரே நொடியில கோழையாவாங்களா? அந்தப் பதிவு உங்கட சேர்வரில கிடக்குதே, யாராவது ஒரு தரம் பார்த்தீங்களா?

இதை உம்மாக்கிட்டச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்திச்சு. உம்மா 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சின்னப் பிள்ளையா, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவை விட்டு ரெண்டு மணித்தியாலக் கெடுவில வெளியேற்றப்பட்டவ. அவவுக்கு முன்னால கேம் கதையை வைச்சு அழ எனக்கு என்ன தகுதி? ரெண்டும் ஒன்றில்ல, ஒருநாளும் ஒன்றாகாது. ஆனா உம்மா சிரிக்கல்ல. "உண்ட பக்கத்துக் கதையை ஆராச்சும் கேட்டாங்களா வாப்பா?" என்று மட்டும் கேட்டா. இல்ல உம்மா. ஒருத்தரும் கேக்கல்ல.

புள்ளி போனது போகட்டும். எங்கட ஐந்து பேர் போனதுதான் எனக்குத் தாங்கல்ல. மெட்ச் முடிஞ்சதும் திரையில ஒரு பட்டியல் வரும், யார் அதிகமாச் செத்தது, யார் அதிகமாக் கொன்றது என்று. எங்களை யாரோட மோதவிட்டது என்ற கணக்கு மட்டும் அதில இருக்காது. அதால நாங்க ஒருத்தரை ஒருத்தர் குற்றம் பிடிச்சோம். நீதான் பின்னுக்கு நின்ற. நீதான் அவசரப்பட்ட. ஒரு ராத்திரி மச்சான் எழும்பி, "உன்னாலதான்டா எல்லாம்" என்று போனைத் தூக்கிக்கொண்டு போனவன், பெருநாளைக்கும் வரல்ல. ஒரே தட்டில சோறு தின்ற மச்சான். இன்னொருத்தன் கட்டாருக்குப் போயிட்டான், போகைக்குள்ள கூட அவங்க ரெண்டு பேரும் கதைச்சுக்கொள்ளல்ல. ஐந்து பேரும் சேர்ந்து போட்டி ஒன்றில பதியவும் முடியல்ல, அதுக்கு வேண்டிய ரேங்க் எங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சிருந்தது. மின்வெட்டில போன புள்ளிதான் அது.

வெறும் விளையாட்டுத்தானே என்று சொல்லாதீங்க. 2023இல ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில இந்த மாதிரிக் கேமுகளுக்கும் பதக்கம் குடுத்தாங்க. பதக்கம் குடுக்கிற அளவுக்குப் பெருசு, நியாயம் கேக்கிற அளவுக்குச் சின்னனா? எங்கட நேரத்தை எடுத்தீங்க, ரீலோட் காசை எடுத்தீங்க, இவன் எப்ப சலிப்பான் எப்ப திரும்புவான் என்று எங்கட மனசைக் கூட அளந்து வச்சிருக்கிறீங்க. எங்கட ஊரில கரண்ட் போச்சா என்று மட்டும் அளக்க முடியாதா?

முறைப்பாடு எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு நிமிசத்துக்குள்ள இயந்திரம் பதில் அனுப்பிச்சு. அதுக்குப் பிறகு ஒன்றுமில்ல. எங்களை எப்படிச் சேர்த்தீங்க, அந்த ராத்திரிகளில எங்கட புள்ளியை எதுக்கு வெட்டினீங்க? இதுக்கு ஒரு மனுசன், தன்ட பேரைப் போட்டு, எனக்குப் பதில் எழுதணும். என்ட மச்சானுக்கும் ஒரு பிரதி அனுப்பணும்.