பலாலி – மட்டக்களப்பு: 290 கிலோமீற்றர் தூரமும் இல்லாத விமானமும்

பலாலிக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 290 கிலோமீற்றர். சென்னை இதைவிடத் தொலைவு. 350 கிலோமீற்றருக்கு மேல். ஆனால் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கலாம், மட்டக்களப்புக்கு நாளாந்த நேரடிச் சேவை இல்லை. வடக்கிலுள்ள மகளைப் பார்க்க வரும் கிழக்குத் தாய்க்கு இன்னமும் நீண்ட பேருந்துப் பயணம்தான்.

போர்க்காலத்தில் இரண்டும் படைத்தளங்கள். பலாலியைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களில் ஒரு பகுதியினர் இன்றும் தமது காணிகளுக்காகக் காத்திருக்கின்றனர். இப்போது இரண்டுக்கும் ‘சர்வதேச விமான நிலையம்’ என்று பெயர்.

பயணிகள் போதாது, இலாபம் வராது என்று சொல்லப்படலாம். ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு வெறும் 2.7 கிலோமீற்றர், பறப்பது இரண்டு நிமிடம். அங்குள்ள தீவு மக்களுக்காக உள்ளூர் சபை மானியம் கொடுத்து அந்தச் சேவையை நடத்துகிறது. சிறிய விமானம், மக்கள் செலுத்தக்கூடிய கட்டணம், அரசின் மானியம் ஆகிய மூன்றும் இருந்தால் வாரத்தில் இரண்டு நாட்களாவது இங்கும் நடத்தலாம்.

ஓடுபாதைகளுக்காக ஊரை இழந்தவர்கள் நாம். காணி விடுவிப்பைக் கேட்கும் அதே குரலில், இந்த இணைப்பையும் நமது பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.