‘நல்லா இருக்கு’ என்ற பதில் போதாது

கடந்த விடுமுறையில் நானும் நண்பர்கள் மூவரும் ஒரு சிறிய அறநிறுவனத்தின் இணையத்தளத்தைப் புதுப்பிக்கும் தொண்டூழியத்தில் ஈடுபட்டோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இணைய வடிவமைப்பு படிக்கும் எங்களுக்கு அது எளிதான வேலையாகத் தோன்றியது. இரண்டே வாரத்தில் புதிய வண்ணங்கள், பெரிய படங்கள், முகப்பில் ஒரு காணொளி என்று தளம் பளபளத்தது. நிர்வாகக் குழுவினர் பாராட்டினர்.

அங்கு உணவுப் பொருள் வாங்க வந்த ஒரு தாயாரிடம் தளத்தின் தமிழ்ப் பக்கத்தைப் பெருமையோடு காட்டினேன். “நல்லா இருக்கு தம்பி,” என்றார்.

“உங்க மகளுக்குத் துணைப்பாட உதவி வேணும்னா இதுல எப்படிக் கேப்பீங்க ஆன்ட்டி?” என்று கேட்டு, திறன்பேசியை அவர் கையில் கொடுத்தேன்.

‘எங்கள் முன்னெடுப்புகள்’ என்ற தலைப்பை அவர் கடந்து போனார். மேலும் கீழும் தேடினார். கடைசியில் நன்கொடைப் பொத்தானை அழுத்திவிட்டு, “இது பணம் கேக்குதே!” என்று திறன்பேசியைத் திருப்பித் தந்தார்.

அவர் தேடிய விண்ணப்பப் படிவம் ‘முன்னெடுப்புகள்’ பகுதிக்குள்தான் இருந்தது. அதையும் பதிவிறக்கம் செய்து, அச்சிட்டு, நிரப்பி அனுப்ப வேண்டும். அவர் வீட்டில் கணினியும் இல்லை, அச்சுப்பொறியும் இல்லை.

அறநிறுவனத் தளத்தை நன்கொடையாளர், தொண்டூழியர், உதவி நாடுவோர் என்று குறைந்தது மூன்று தரப்பினர் பயன்படுத்துகின்றனர். கொடுத்த பணம் எங்கே போகிறது, வரிக்கழிவு உண்டா என்று நன்கொடையாளர் பார்ப்பார். நாள், நேரம், இடம் தொண்டூழியருக்கு முக்கியம். இவர்களுக்குக் குறை இருந்தால் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பார்கள். உதவி நாடி வருபவரோ, தமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துப் பேசாமல் போய்விடுவார். அறநிறுவனம் யாருக்காக நடக்கிறதோ, அவர்தான் முதலில் விடுபடுகிறார்.

சிறிய அமைப்புகளுக்கு ஆய்வு நடத்தப் பணமும் நேரமும் ஏது என்று சிலர் கேட்கலாம். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே ஒரு தளத்தின் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 விழுக்காட்டைக் கண்டறியலாம் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால், அந்த ஐவரும் ஒரே தரப்பினராக இருக்க வேண்டும். மூன்று தரப்பு என்றால் தனித்தனியே சோதிப்பதே முறை.

இணையவழிக் கருத்தாய்வு மட்டும் போதாது என்பதே என் கருத்து. தளத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்தான் அதற்குப் பதில் அளிப்பார்கள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் மரியாதைக்காக நல்ல பதில்தான் வரும். ஒரு வேலையைக் கொடுத்து, அனுமதி பெற்று, குறுக்கே பேசாமல் கவனிக்க வேண்டும். எங்கே கை தயங்குகிறதோ, அங்கே பிழை நம்முடையது.

நாங்கள் மேலும் நால்வரிடம் சோதித்தோம். பிறகு ‘முன்னெடுப்புகள்’ என்பதை ‘உதவி பெற’ என்று மாற்றினோம். படிவத்தைத் திறன்பேசியிலேயே நிரப்பும்படி செய்தோம். “பேசிக் கேக்க ஒரு நம்பர் போடுங்க தம்பி,” என்றார் ஒருவர். தொலைபேசி எண் முகப்பின் மேற்பகுதிக்கு வந்தது. காணொளி கீழே போனது.

பள்ளித் திட்டப்பணிக்காகவோ தொண்டூழியத்துக்காகவோ தளம் அமைக்கும் மாணவர்களே, வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, அதைப் பயன்படுத்தப்போகும் ஐவரோடு ஒரு பிற்பகல் உட்காருங்கள்.