பெரியப்பாவுக்கு எதுக்கு கேமரா? அதான் போன் இருக்கே!

மக்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. படிச்சுட்டு யாரும் ஆட்டோ அனுப்பாதீங்க. அனுப்பினாலும் ஆவுடையார்கோவில் வரைக்கும் அனுப்பணும், மீட்டர் உங்களுக்குத்தான் எகிறும் :-)

போன தடவை ஊருக்குப் போனப்ப பெரியப்பா ஒண்ணு கேட்டார். அவருக்கு வயசு 76, ரிட்டையர்டு வாத்தியார். வாழ்க்கையில என்கிட்ட எதுவும் கேட்டதில்லை. "ஏப்பா, போட்டோ மட்டும் எடுக்குற மாதிரி ஒரு சின்ன கேமரா கிடைக்குமா? வேற ஒண்ணும் அதுல வேண்டாம்." அவ்வளவுதான் கேட்டார். வீட்டுல இருந்த எல்லாரும் ஒரே குரல்ல, "எதுக்குப் பெரியப்பா, அதான் போன் இருக்கே!" அந்தக் கோரஸ்ல என் குரலும் உண்டு. மறைக்க விரும்பலை.

பெரியப்பா பதில் பேசலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு திண்ணைக்குப் போயிட்டார்.

கதை அப்புறம்தான் தெரிஞ்சுது. பெரியம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. அவங்க கடைசி ரெண்டு வருஷப் படமெல்லாம் பெரியப்பா போன்லதான் இருந்திருக்கு. போன் திக்கித் திணறுதுன்னு ஒரு கடையில குடுத்தார். கடைக்காரப் பையன் எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு மாதிரி ஆக்கி, "கிளீன் பண்ணிட்டேன் அய்யா, இனி பறக்கும்"னு குடுத்திருக்கான். பையனைத் திட்ட மனசு வரலை, அவன் கேட்ட வேலையைத்தான் செஞ்சான். நான்தான் பெரிய பொட்டிதட்டி மாதிரி, "மேகத்துல பத்திரமா இருக்கும் பெரியப்பா, கவலைப்படாதீங்க"ன்னு அந்தப் போனை அமைச்சுக் குடுத்தவன். மேகத்துல போய்ப் பார்த்தா, இலவச இடம் எப்பவோ நிறைஞ்சு போய் சேமிக்கிறது நின்னுருச்சு. நிறைஞ்சதைச் சொல்ற அறிவிப்பு இங்கிலீஷ்ல தினமும் வந்திருக்கு. அவரும் தினமும் அதை விரலால தள்ளி விட்டிருக்கார். அவர் பேத்தி காதுகுத்து வரைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்லை.

இப்பச் சொல்லுங்க, "அதான் போன் இருக்கே"ன்னு.

வயசானவங்க தொழில்நுட்பத்தைக் கத்துக்க மாட்டேங்கறாங்கன்னு நாம ஈஸியா சொல்லிடறோம். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. 30 வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவருக்கு ஒரு பொத்தானைக் கத்துக்க முடியாதா? கத்துக்கிட்டதை ஆறு மாசத்துக்கு ஒருக்கா அப்டேட்டுங்கற பேர்ல இடம் மாத்தி வெச்சா, தப்பு கத்துக்கிட்டவர் மேலயா? நேத்து வரைக்கும் வலது பக்கம் இருந்த வாசப்படியை இன்னிக்கு இடது பக்கம் வெச்சுட்டு, "தாத்தாவுக்கு வழி தெரியலை"ன்னா எப்படி?

விரலையே எடுத்துக்குங்க. வயசானா விரல் நுனி காய்ஞ்சு போகும். தொடுதிரை வேலை செய்யறதே தோல் வழியா ஓடுற துளி மின்சாரத்தை வெச்சுத்தான், அதனால காய்ஞ்ச விரலை அது பல நேரம் கண்டுக்காது. அதே சமயம் போனைப் பிடிச்சிருக்கிற கட்டைவிரல் ஓரத்துல பட்டா அதைத் தொட்டதா எடுத்துக்கும். பெரியப்பா படம் எடுக்குறதுக்குள்ள அது வீடியோவுக்குப் போயி, செல்ஃபிக்குப் போயி, அவர் மூக்கையே அவருக்குக் காட்டும்.

அடுத்து கண்ணு. அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி லென்ஸ் வெச்சிருக்கு. நிறைய பேருக்கு வைக்கிற மாதிரி தூரத்துக்குச் சரியா வெச்ச லென்ஸ். கோபுரத்துல இருக்குற பொம்மை கண்ணாடி இல்லாமத் தெரியும், கை நீட்டுற தூரத்துல இருக்குற திரை தெரியாது. போன்ல படம் எடுக்கணும்னா கண்ணாடியைப் போட்டுத் திரையைப் பார்க்கணும், கழட்டிட்டு ஆளைப் பார்க்கணும். இதுல நம்ம ஊரு வெயில் வேற. வெளிப் பிராகாரத்துல மத்தியானம் போனைத் தூக்குனா திரையில நம்ம சட்டைதான் தெரியும்.

பழைய காம்பாக்ட் கேமராவுல கண்ணு வெச்சுப் பார்க்குற ஒரு குட்டி ஓட்டை இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுல தூரத்துல இருக்குறது தூரத்துல இருக்குற மாதிரியே தெரியும். படிக்கிற கண்ணாடி தேவையில்லை, வெயிலும் தொந்தரவு பண்ணாது. இன்னொரு லாபம், கேமராவை நெத்தியோட சாய்ச்சு ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வெச்சா கை நடுக்கம் பாதியாயிடும். போனை ஆரத்தித் தட்டு மாதிரி நீட்டிப் பிடிச்சா நடுங்காத கையும் நடுங்கும். அந்த ஓட்டையில தெரியறதைவிடக் கொஞ்சம் கூடுதலாவே படத்துல விழும். விழட்டுமே, தலையை வெட்டாம இருந்தாச் சரி.

நியாயமாவும் பேசிடறேன். இருட்டுல போன்தான் ஜெயிக்கும். பல படங்களை அடுக்கி ஒண்ணாக்குற வித்தை அதுக்குத் தெரியும். மண்டபத்துக்குள்ள இருக்குற வீரபத்திரரையும் குறத்தியையும் பழைய காம்பாக்ட்ல எடுத்தா புள்ளி புள்ளியாத்தான் வரும். ஆனா கொடுங்கை? ஆவுடையார்கோவில் கொடுங்கையைப் பார்க்காதவங்க ஒரு நடை வந்து பார்த்துடுங்க. கல்லை மரச்சட்டம் மாதிரி இழைச்சு, ஆணி அடிச்ச மாதிரி, கயிறு கட்டின மாதிரியெல்லாம் செதுக்கி வெச்சிருக்கான் மனுஷன். அது தலைக்கு மேல உசரத்துல இருக்கு. அங்கே வேணுங்கறது நிஜ ஜூம். சாதாரண போன்ல ரெண்டு விரலை விரிச்சு இழுக்குறது ஜூம் இல்லை, படத்தை வெட்டிப் பெருசு பண்றது.

நானும் வாங்கலாம்னு தேடினேன் சாமி. நம்ம நண்பர்கள்கிட்ட கேட்டா ஒருத்தர் மிரர்லெஸ்ங்கறார், இன்னொருத்தர் "ஒரேயடியா நல்லதா வாங்கிடு, ரா ஃபைல் வரும்"ங்கறார். அய்யா, உங்களுக்குப் பிடிச்ச கேமராவை என் பெரியப்பா தலையில ஏன் கட்டறீங்க? கடைக்குப் போனா மெகாபிக்சல் கணக்கு. நாலுக்கு ஆறு இஞ்ச் மேக்ஸி பிரிண்டுக்கு இஞ்சுக்கு 300 புள்ளின்னாலும் 1200க்கு 1800, ரெண்டு மெகாபிக்சல் சொச்சம்தான். ஏ4 அளவுக்கு ஒன்பது இருந்தா ஜோராப் போதும். பாக்கியெல்லாம் நரியைப் பரின்னு விக்கிற வேலை. மாணிக்கவாசகர் ஊர்க்காரன்கிட்டயேவா!

2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல டிஜிட்டல் கேமரா கப்பலேறுச்சு, பெரும்பாலும் இந்த மாதிரி சட்டைப்பை ரகம்தான். 2023-ல் எல்லா ரகமும் சேர்த்தே 80 லட்சத்தைத் தொடலை. இருக்குற கொஞ்சநஞ்சத்துல, கோடக் பேர்ல வேற கம்பெனி செய்யற பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 பென்சில் பேட்டரியில ஓடும், அது பெரிய நிம்மதி, ஆனா கண்ணு வெச்சுப் பார்க்குற ஓட்டை இல்லை. 2016-ல் வந்த ஒரு குட்டி கேமராவை 2025-ல் கேனான் திரும்ப இறக்கினாங்க. அடடான்னு பார்த்தா, கார்டை மைக்ரோ எஸ்டியா மாத்திட்டாங்க. சுண்டுவிரல் நகம் சைஸ். 76 வயசுக் கை அதைக் கழட்டிக் கீழ போட்டா, விளக்குமாறு எடுத்துத்தான் தேடணும். காலேஜ் பசங்க வேற பழைய காம்பாக்ட் படத்துல ஒரு "இது" இருக்குன்னு தேடித்தேடி வாங்கறதுல செகண்ட் ஹேண்ட் விலையும் ஏறிக்கிடக்கு. பேத்தியும் தாத்தாவும் ஒரே பொருளுக்கு அடிச்சுக்கற காலம்.

குதிரை வாங்கப் போனவர் கோவில் கட்டின ஊரு எங்க ஊரு. நான் கேமரா வாங்கப் போயி கடைசியில பீரோவைத்தான் குடைஞ்சேன். 2008-ல் கொசுவத்தி சுத்துற காலத்துல நான் வாங்கின கேனான் ஏ590 ஐஎஸ். 8 மெகாபிக்சல், நாலு மடங்கு ஜூம், நடுக்கத்தைச் சமாளிக்கிற லென்ஸ், கண்ணு வெச்சுப் பார்க்குற ஓட்டை, தபால்தலை சைஸ் எஸ்டி கார்டு, ரெண்டு பென்சில் பேட்டரி. துடைச்சுப் பேட்டரி போட்டேன், சிணுங்கிக்கிட்டே எழுந்திருச்சு. தேதி மறந்துபோயிருந்துச்சு, உள்ள இருக்குற பட்டன் செல்லை மாத்தினதும் சரியாயிடுச்சு. தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு விளக்கவுரை எழுதத் தனிப் பதிவு போடணும்.

இதே மாதிரி யாருக்காவது எடுத்துக் குடுக்குறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. பெட்டிக்கடையில கிடைக்கிற கடிகார பேட்டரி பத்துப் படத்துல படுத்துடும், கேமரா இழுக்குற வேகத்துக்கு அதால குடுக்க முடியாது. சார்ஜ் பண்ற நிக்கல் பேட்டரி ரெண்டு ஜோடி வாங்குங்க. டயலை ஆட்டோவுல வெச்சு, அது நகராம ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. அழகா இருக்காது. பொத்தானைப் பாதி அழுத்தி, பீப் கேட்டதும் மீதி அழுத்தணும்னு சொல்லிக் குடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. ரெண்டு ஜிபி கார்டுல எப்படியும் ஐநூறு படம் பிடிக்கும். நிறைஞ்சா அழிக்கச் சொல்லாதீங்க, வேற கார்டு குடுங்க. நல்லா வந்ததை அறந்தாங்கி மாதிரி பக்கத்து டவுன்ல ஸ்டுடியோவுல குடுத்துக் காகிதத்துல எடுத்துடுங்க. காகிதத்தை எந்தக் கடைக்காரப் பையனும் கிளீன் பண்ண முடியாது.

கொண்டுபோய்க் குடுத்தேன். பெரியப்பா ஒரு தடவைதான் கேட்டுக்கிட்டார். முதல் படம் கொடுங்கையா இருக்கும்னு நினைச்சேன். அடுக்களைக்குப் போனார். பெரியம்மாவோட அம்மிக்கல்லை எடுத்தார், அப்புறம் துளசி மாடத்தை. ஓட்டையில கண்ணு வெச்சு, முழங்கையை ஒட்டி, பீப் சத்தத்துக்குக் காத்திருந்து எடுத்தார். நான் எதுவும் பேசலை.

நேத்து போன் பண்ணினார். "ஏப்பா, அந்தப் பேட்டரி இன்னொரு ஜோடி வாங்கி அனுப்பு. திருவாதிரைக்கு இது பத்தாது."