டிவிடெண்ட் இ.டி.எஃப்: கனடா மச்சான் சொன்னதும் தூத்துக்குடி மாமா வாங்கப் போவதும்

தூத்துக்குடியில் துறைமுகத்திலோ அனல்மின் நிலையத்திலோ முப்பது வருஷம் உழைத்து ரிட்டயர் ஆகிறவருக்கு, பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் மொத்தமாகக் கைக்கு வந்த வாரத்திலிருந்தே ஆலோசனைகள் வர ஆரம்பித்துவிடும். பேங்க் மேனேஜர் ஒன்று சொல்வார், எல்.ஐ.சி ஏஜெண்ட் ஒன்று சொல்வார். இப்போது மூன்றாவதாக ஒரு குரல் சேர்ந்திருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் தங்கை பையனோ மச்சானோ வாட்ஸப்பில் கூப்பிட்டு, "இங்க எல்லாரும் டிவிடெண்ட் இ.டி.எஃப் தான் மாமா. மாசா மாசம் அக்கவுண்ட்ல பணம் விழுது. நீங்களும் அங்க ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்று சொல்லும் குரல்.

அந்தப் பையன் சொல்வது கனடாவில் உண்மை. பிரச்சினை "நீங்களும் அங்க ஒண்ணு" என்பதில்தான் இருக்கிறது.

இ.டி.எஃப் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை எல்லாம் ஒரே கூடையில் வைத்து, அந்தக் கூடையையே ஒரு பங்கு மாதிரி சந்தையில் வாங்கி விற்க விடுவது. உலகின் முதல் இ.டி.எஃப் 1990ல் டொராண்டோவில்தான் பிறந்தது. இந்தியாவுக்கு நிஃப்டி பீஸ் வழியாக வந்து சேர 2001 ஆகிவிட்டது.

கனடாவில் டிவிடெண்ட் கூடைகளே பல. வான்கார்டின் வி.டி.ஒய், பிளாக்ராக்கின் எக்ஸ்.இ.ஐ, சி.டி.இசட் ஆகியவை பிரபலம். மூன்றுமே மாதம் ஒருமுறை பணம் பிரித்துக் கொடுக்கின்றன. ஆனால் மூன்றும் ஒன்றில்லை. வி.டி.ஒய், இனி அதிக டிவிடெண்ட் விகிதம் தரும் என்று மதிப்பிடப்படும் கம்பெனிகளைப் பிடிக்கும். அதனால் கூடையில் பாதிக்கு மேல் வங்கி, இன்சூரன்ஸ் பங்குகளாகவே இருக்கும். சி.டி.இசட், ஐந்து வருஷமாவது டிவிடெண்டை உயர்த்திக்கொண்டு வந்த கம்பெனிதானா என்று பார்க்கும். செலவு விகிதமும் வேறு வேறு. வி.டி.ஒய்க்கு ஏறத்தாழ 0.22 சதவீதம், சி.டி.இசட்டுக்கு 0.66 சதவீதம். ஒரு லட்சம் டாலர் போட்டவருக்கு இது வருஷத்துக்கு 220 டாலரா, 660 டாலரா என்கிற வித்தியாசம். வருவதே நாலாயிரம் டாலர் சொச்சம் என்றால் அதில் 440 டாலர் சின்னத் தொகையா என்ன?

சரி, விதி நல்ல விதியாக இருந்தால் போதுமா? பி.சி.இ என்ற டெலிபோன் கம்பெனியின் கதையைப் பார்க்க வேண்டும். கனடாக்காரர்களின் டிவிடெண்ட் லிஸ்டில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கப்படும் பெயர் அது. வருஷா வருஷம் டிவிடெண்டை உயர்த்தி வந்த கம்பெனி. 2022ல் 70 டாலருக்கு மேல் விற்ற பங்கு 2025ல் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் டிவிடெண்ட் மட்டும் வருஷத்துக்கு 3.99 டாலர் என்று நின்றது. விலை இறங்க இறங்க, டிவிடெண்ட் விகிதம் 10 சதவீதத்தையும் தாண்டி ஜொலித்தது. வெறும் விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு அது தள்ளுபடி விற்பனை மாதிரி தெரிந்திருக்கும். 2025 மே மாதம் கம்பெனி 3.99ஐ 1.75 ஆகக் குறைத்தது. கடந்த காலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் எந்த விதியும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஒரே ஆறுதல், கூடையில் வைத்திருந்தவருக்கு அது பல பங்குகளில் ஒன்று. தனியாக வாங்கியவருக்குத்தான் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் போனது.

இந்த ஏமாற்றம் மன்னார் வளைகுடாவுக்குப் புதிதும் இல்லை. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் முத்துக்குளிக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். 1905ல் இலங்கைப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு. அரசாங்கத்தின் பங்கைச் சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். இந்த அமோக விளைச்சலைப் பார்த்து, அடுத்த வருஷமே லண்டன் பணத்தில் உருவான ஒரு கம்பெனி, இலங்கையின் முத்துப் படுகைகளை 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு அந்தப் படுகைகளில் பல வருஷம் குளிப்பே நடக்கவில்லை. கம்பெனி குத்தகைக் காலத்தை முடிக்காமலேயே மூடிக்கொண்டது. சிப்பிப் படுகை வருஷா வருஷம் விளைகிற வயல் கிடையாது. நாலைந்து நல்ல வருஷம் வரும், பிறகு பத்து, பதினைந்து வருஷம் ஒன்றுமே இருக்காது. தூத்துக்குடிப் பக்கத்திலும் 1961தான் கடைசிக் குளிப்பு. போன வருஷ வரவை வைத்து அடுத்த இருபது வருஷத்துக்குக் கணக்குப் போட்டவர்கள் லண்டனில் பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் என்பதை மாமா கவனிக்க வேண்டும் :-)

இனி ஊருக்கு வருவோம் என்று மாமா டீமேட் அக்கவுண்டைத் திறந்து, "டிவிடெண்ட்" என்று பெயர் உள்ள ஒரு இ.டி.எஃப்பைத் தேடுகிறார். கிடைக்கும். நிஃப்டி டிவிடெண்ட் ஆப்பர்சுனிட்டீஸ் 50 என்று ஒரு குறியீடு இருக்கிறது, அதைப் பின்பற்றும் இ.டி.எஃப்பும் இருக்கிறது. வாங்கிவிட்டு மாதம் பிறந்ததும் பாஸ்புக் எண்ட்ரி போட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது!

இதுதான் முதல் வித்தியாசம். இந்தியாவில் பெரும்பாலான இ.டி.எஃப்கள், கம்பெனிகள் கொடுக்கும் டிவிடெண்டை வாங்கி வைத்துக்கொண்டு மீண்டும் முதலீடு செய்துவிடும். யூனிட்டின் மதிப்பில் அது சேர்ந்திருக்கும், கைக்கு வராது. பெயரில் டிவிடெண்ட் என்று இருப்பது பங்குகளைத் தேர்ந்தெடுத்த முறையைத்தான் சொல்கிறது. பணம் வேண்டுமென்றால் நாலு யூனிட்டை விற்றுக்கொள்ள வேண்டியதுதான். இதில் மோசடி ஏதும் இல்லை, ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கிறவர் யார்?

சாதாரண மியூச்சுவல் ஃபண்டுகளில் பிரித்துக் கொடுக்கும் ஆப்ஷன் உண்டு. அதையும் "டிவிடெண்ட்" என்று அழைக்கக்கூடாது என்று செபி தடுத்து, 2021 ஏப்ரலிலிருந்து "வருமானப் பகிர்வும் மூலதனத் திரும்பப் பெறலும்" என்ற அர்த்தத்தில் ஐ.டி.சி.டபிள்யூ என்று பெயர் மாற்ற வைத்தது. வாயில் நுழையாத பெயர். ஆனால் சமீபத்தில் நடந்த பெயர் மாற்றங்களிலேயே நேர்மையானது இதுதான். கொடுக்கிற பணத்தில் போட்ட முதலும் கலந்திருக்கலாம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்களே.

இரண்டாவது, வரி. கனடாவில் உள்நாட்டுக் கம்பெனிகளின் டிவிடெண்டுக்குத் தனி வரிச்சலுகை இருக்கிறது. அங்குள்ளவர்கள் டிவிடெண்டை இவ்வளவு விரும்புவதற்கு அது ஒரு பெரிய காரணம். இந்தியாவில் 2020 ஏப்ரலுக்குப் பிறகு டிவிடெண்ட் முழுவதும் வாங்குகிறவரின் வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வரி விகிதத்தில் வரி கட்ட வேண்டியதாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு இ.டி.எஃப்பை விற்றாலோ, 2024 ஜூலையில் வந்த மாற்றத்தின்படி, வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம் லாபம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் பன்னிரண்டரை சதவீதம். அதாவது 30 சதவீத வரி கட்டுகிறவர் டிவிடெண்டுக்கு ஆசைப்படுவது, மச்சானின் ஸ்வெட்டரை வாங்கித் தூத்துக்குடி வெயிலில் போட்டுக்கொள்வது மாதிரி. (வருமானம் வரி வரம்புக்குள் இருக்கிற மாமாவுக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை.)

மூன்றாவது விஷயத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. அந்தக் கூடைக்குள் யார் இருக்கிறார்கள்?

மேலே சொன்ன இந்தியக் குறியீடு, பெரிய கம்பெனிகளில் லாபத்தில் இருப்பவற்றை எடுத்து, டிவிடெண்ட் விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தி ஐம்பதைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தச் சல்லடையில் எப்படிப்பட்ட பங்கு எளிதாக நிற்கும் என்பதற்கு வேதாந்தாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2022-23 நிதியாண்டில் அந்தக் கம்பெனி ஒரு பங்குக்கு மொத்தம் 101.50 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. மொத்தத்தில் 37,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டு அது சம்பாதித்த நிகர லாபமோ சுமார் 14,500 கோடிதான். லாபத்தைப் போல இரண்டரை மடங்கு டிவிடெண்ட்! அப்போது கம்பெனியின் பங்குகளில் ஏறத்தாழ 70 சதவீதம் லண்டன் தாய்க் கம்பெனியிடம் இருந்தது, தாய்க் கம்பெனிக்கோ தலைக்கு மேல் கடன். பணம் எந்தப் பக்கம் பாய்ந்தது என்று காமர்ஸ் முதல் வருஷ மாணவனுக்கே புரியும். அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 29.50 ரூபாய். முந்தைய ஆண்டு விகிதத்தைப் பார்த்து வாங்கியவர் நிலைமை, 1906ல் குத்தகை எடுத்த லண்டன்காரர்கள் நிலைமைதான்.

தூத்துக்குடிக்காரருக்கு இந்தக் கணக்கில் இன்னொரு வரி உண்டு. ஸ்டெர்லைட் தாமிர ஆலை அந்த வேதாந்தாவுடையது. 2018 மே 22ல் ஆலையை மூடச் சொல்லி கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளுமாக நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த வாரமே தமிழக அரசு ஆலையை மூட உத்தரவிட்டது. கம்பெனி உச்சநீதிமன்றம் வரை போய், 2024 பிப்ரவரி 29ல் மனு தள்ளுபடியானது. அந்த ஊர்வலத்தில் நடந்த ஒருவர், அல்லது வேலை போனதே என்று ஆலை வாசலில் நின்ற ஒருவர், தன் ரிட்டயர்மெண்ட் பணத்தை உயர்ந்த டிவிடெண்ட் விகிதத்துக்காக ஒரு கூடையில் போட்டுவிட்டு, அந்தக் கம்பெனிக்கு ஒரு சின்ன முதலாளியாகி இருக்கிறோமா என்பது தெரியாமலே இருக்க முடியும். டிவிடெண்ட் கூடை என்று இல்லை, பெரிய கம்பெனிகளின் எந்தக் கூடையிலும் இது நடக்கும். வேதாந்தா 2020 வரை நிஃப்டி 50லேயே இருந்ததுதான். வைத்திருப்பது சரியா தவறா என்பது அவரவர் முடிவு. தெரியாமலே வைத்திருப்பதை முடிவு என்று சொல்ல முடியாது.

அப்படியானால் கூடையே வேண்டாம், தெரிந்த கம்பெனியின் பங்கையே வாங்கலாம் என்று ஒரு கட்சி இந்த ஊரில் எப்போதும் உண்டு. 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய் பங்கு விற்ற ஊர் இது. (அதை வாங்கியவர்கள் டிவிடெண்ட் விகிதம் கேட்டிருக்க மாட்டார்கள், அது வேறு வகைக் கணக்கு.) இன்று அந்தப் பாசம் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் மீது. 1921ல் நாடார் பேங்காகத் தொடங்கி, நூறு வருஷம் கழித்து 2022 செப்டம்பரில் 510 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2022-23க்கு 5 ரூபாய், அடுத்த ஆண்டு 10, அதற்கடுத்து 11 ரூபாய் என்று டிவிடெண்ட் ஏறியது. லாபத்தில் ஒரு சின்னப் பகுதியைத்தான் பிரித்துக் கொடுக்கிறது என்பதால் அந்த டிவிடெண்டுக்கு அடிப்படை உண்டு. ஆனாலும் பங்கு விலை நீண்ட காலம் வெளியீட்டு விலைக்குக் கீழேயே கிடந்தது. வீடு, பிள்ளையின் வேலை, டெபாசிட் எல்லாம் ஒரே ஊரை நம்பி இருக்கிற குடும்பம், மிச்சப் பணத்தையும் அதே ஊர் பேங்கின் பங்கில் போடுவது பாசமாக இருக்கலாம், பாதுகாப்பு ஆகாது.

மாதா மாதம் கைக்குப் பணம் வந்தே தீர வேண்டும் என்கிற மாமாவுக்கு முதல் இடம் தபால் ஆபீஸ்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் வரை போடலாம், வட்டி அப்போது 8.2 சதவீதமாக உயர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்துவிடும். நிஃப்டி 50 பங்குகளின் சராசரி டிவிடெண்ட் விகிதம் அண்மை வருஷங்களில் ஒன்றரை சதவீதத்தைத் தொட்டாலே அதிகம். மாதச் செலவுக்கு இதை நம்பினால் கஞ்சிக்கு உப்பு வாங்கத்தான் ஆகும், அதுவும் உப்பளம் இருக்கிற ஊரில்!

பத்து வருஷத்துக்குத் தொடத் தேவையில்லாத பணம் தனியாக இருந்தால் மட்டும் இ.டி.எஃப் பக்கம் போகலாம். அப்போதும் டிவிடெண்ட் விகிதத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன், கூடையில் எந்தப் பங்கு எத்தனை சதவீதம், லாபத்துக்கு மேல் அள்ளிக் கொடுக்கிற கம்பெனி ஏதும் உள்ளே இருக்கிறதா, செலவு விகிதம் எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை யூனிட் கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். வியாபாரம் குறைவாக நடக்கும் இ.டி.எஃப்பை அவசரத்துக்கு விற்கப் போனால், அதன் உண்மையான மதிப்பைவிடக் குறைந்த விலைக்குத்தான் ஆள் கிடைக்கும்.

பங்குகளின் பட்டியலை ஃபண்ட் கம்பெனிகள் மாதம்தோறும் தங்கள் வெப்சைட்டில் போடுகின்றன. ஐம்பது பெயர்தான். படிக்க ஐந்து நிமிஷம் ஆகும், டொராண்டோ போன் காலில் பாதி நேரம் கூட இல்லை.