கடலையும் கமக்காரர் படிக்க வேண்டும்

கடல் மீனவருக்கு, வயல் கமக்காரருக்கு என்று பிரித்துப் பேசுவது எம்மிடையே பழகிப்போன ஒன்று. இது இரு சாராருக்கும் நன்மை தருவதன்று. பாக்கு விரிகுடாவைப் பற்றி அறிய வேண்டியவர்களில் கமக்காரரும் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பதே எனது கருத்து.

யாழ்ப்பாணத் தீவுகள் முதல் மன்னார் வரை எமது கரையையும், மறுபுறம் தமிழ்நாட்டுக் கரையையும் தொட்டு நிற்கும் கடல் இது. ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் 15 மீற்றரும் இல்லை. அதனால் வெயில் அடிவரை இறங்குகிறது. அடியில் கடற்புல் வளர்கிறது. கடற்புல் பாசியன்று. வேரும் இலையும் பூவும் உள்ள பயிர். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அதற்குள் ஒதுங்கி வளர்கின்றன. ஆவுளியா எனப்படும் கடற்பசு அதை மேய்ந்தே உயிர் வாழ்கிறது. கரையொதுங்கும் சாதாளையை அள்ளித் தோட்டத்துக்குத் தாழ்த்தவர்கள் எம்மில் உண்டு. அச்சாதாளையில் இப்புல்லும் கலந்திருக்கும்.

இப்பயிருக்குப் பெரிய பகை இழுவைமடி. நாற்று நட்ட வயலை மறுநாளே உழுதால் என்னவாகும்? றோலர்கள் கடலடியில் செய்வது அதுவே. இலங்கை 2017இல் இம்மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதன் பின்னரும் தமிழ்நாட்டு றோலர்கள் எல்லை தாண்டி வருவது ஓயவில்லை. எமது கரைகளிலும் இம்மடியைப் பயன்படுத்தியோர் உளர்.

ஆனால் றோலரை மட்டும் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பாலி ஆறும் பறங்கி ஆறும் வயல்களைக் கடந்து இக்கடலிலேயே விழுகின்றன. யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடாக இறங்கிக் கிணற்றுக்கும், பின்னர் நிலத்தடியாகவே கடலுக்கும் செல்கிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியா இவ்வழிகளில் கரைந்து போகிறது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வாளர் நெடுங்காலமாகக் காட்டி வந்துள்ளனர். கிணற்றைக் கெடுப்பது கடலை மட்டும் விட்டுவிடுமா?

வட ஐரோப்பாவின் போல்ற்றிக் கடல் இதற்குப் பதில் தருகிறது. வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் போய்ச் சேர்ந்த ஊட்டச்சத்தால் அங்கே பாசி பெருகியது. பாசி வெயிலை மறைத்தது. செத்து அழுகியபோது நீரிலிருந்த ஒட்சிசனைத் தின்றது. ஆழமான பகுதிகளில் மீன் வாழ முடியாமற் போயிற்று. அக்கடலைக் காக்க, அரசியலில் எதிரெதிர் அணிகளில் நின்ற ஏழு கரையோர நாடுகள் 1974இல் ஹெல்சிங்கியில் உடன்படிக்கை செய்தன. அதே 1974இல்தான் இலங்கையும் இந்தியாவும் பாக்கு விரிகுடாவில் எல்லைக்கோடு வரைந்தன. அங்கே கடலைச் சேர்ந்து காக்க ஒரு தாள். இங்கே கடலைப் பிரிக்க ஒரு தாள். கோடு தேவைதான். ஆனால் மீனுக்கும் நைத்திரேற்றுக்கும் கோடு தெரியாது.

அப்படியானால் பசளையை ஒரேயடியாக நிறுத்துவதா? 2021இல் அரசு அதைச் செய்து பார்த்தது. இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது, விளைச்சல் விழுந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தனர், அவ்வாண்டு முடியுமுன்னே தடை தளர்ந்தது. கற்பிக்காமல் கட்டளையிட்டால் இதுவே நடக்கும்.

இடம்பெயர்ந்து, காடு பற்றிய காணியைத் துப்புரவாக்கிப் புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்குச் செலவைக் குறைப்பதே முதற் கவலை. அக்கவலையும் கடலின் நலமும் இங்கே ஒன்றுபடுகின்றன. பசளையைப் பிரித்துப் பிரித்து இடுங்கள். பெருமழைக்கு முன் எறியாதீர்கள். முதுகிலிருந்து கழற்றிய மருந்துத் தாங்கியை வாய்க்காலில் கழுவாதீர்கள். மிச்சமாவது உங்கள் பணம்.

அடுத்தது, கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் போகத்துக்கு ஒரு முறையாவது ஒன்றாகக் கூட வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் இவ்விரு தொழிலாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். ஒருவர் கஷ்டம் மற்றவருக்குப் புதிதன்று. பாடசாலைகளும் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று கடற்புல்லைக் காட்ட வேண்டும். படத்தில் நீல நிறமாக மட்டும் கடலைப் படித்த பிள்ளை அதைக் காக்க மாட்டாது.

எமது சோற்றுக்கு நெல் வயலிலிருந்தும், கறிக்கு மீன் கடலிலிருந்தும் வருகின்றன. ஒன்றை விளைவிக்கும் கை மற்றதை அழிக்காதிருக்கக் கற்றாக வேண்டும்.