மால் வருது... உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?

காலேஜ் பஸ் ஜன்னல்ல தினமும் பார்க்கிற காலி இடம் அது. எருமை மேயும். மழை பெய்தா முழங்கால் தண்ணி நிக்கும். ஒருநாள் திடீர்னு சுத்தி நீலத் தகரம். அடுத்த வாரம் போர்டு: 'விரைவில் ஷாப்பிங் மால்!' பஸ்ல ஒரே விசில். நானும்தான் அடிச்சேன், பொய் சொல்லக் கூடாது.

சிவில் மூணாவது வருஷம் படிக்கிற நண்பன் மட்டும் கேட்டான்: “மச்சி, அந்தத் தண்ணி இனிமே எங்கடா நிக்கும்?”

இடம் ஓ.எம்.ஆர். பக்கம். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிஞ்சா, தண்ணி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாயைப் பிடிச்சு, கோவளம் பக்கம் கடல் சேரணும். 2015 டிசம்பர்ல அது யார் யார் வீட்டுக்குள்ள போச்சுன்னு அந்த ஏரியா ஆளுங்களைக் கேளுங்க. 2022-ல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 1,247 ஹெக்டேர். பெருமைதான். ஆனா அதுக்குத் தண்ணி வர்ற வழியெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லையே!

சரி, சட்டம் என்ன சொல்லுது? 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கைப்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டா சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். மாநில நிபுணர் குழு அலசிப் பரிந்துரைக்கும், சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கிற மாநில ஆணையம் முடிவெடுக்கும். (19,900-னு பிளான் போட்டா இந்த வாசலுக்கே வர வேண்டாம். அது தனிக் கதை.)

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய சுரங்கம், தொழிற்சாலைன்னா பந்தல் போட்டு, கலெக்டரோ அவர் சார்பில் ஒரு அதிகாரியோ உட்கார்ந்து ஊர் ஜனங்ககிட்ட கருத்து கேட்பாங்க. மால், அபார்ட்மென்ட், ஐ.டி. பார்க் மாதிரி கட்டடங்களுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. ஏமாத்து வேலை இல்லை, விதியிலேயே விலக்கு.

அப்போ பக்கத்துல குடியிருக்கிறவனுக்கு என்ன மிச்சம்? பேப்பர். அதை யார் வேணும்னாலும் பார்க்கலாம். 'பரிவேஷ்' என்கிற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பம் இருக்கும். 15 கிலோமீட்டருக்குள்ள நீர்நிலை இருக்கா, பறவை கூடு கட்டுற இடம் இருக்கா, வெள்ளம் வருமான்னு அதுல வரிசையா கேள்வி. பதில் எழுதுறது, கட்டுறவங்க காசு கொடுத்து வைக்கிற கன்சல்டன்ட். லேப் ரெக்கார்டை வெளியே கொடுத்து எழுதி வாங்குற நமக்கு இது நல்லாவே புரியும்! நிபுணர் குழு நேர்ல போய்ப் பார்க்கலாம். ஆனா எல்லா சைட்டுக்கும் போயே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

நண்பன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிச்சான். இங்கிலீஷ், அதுவும் முக்காவாசி காப்பி பேஸ்ட் வாசனை. நடுவுல ஒரு வரி: மழைநீர், தற்போதுள்ள சாலையோர வடிகாலில் இணைக்கப்படும்.

ஞாயித்துக்கிழமை பைக்கை எடுத்துட்டு அந்த வடிகாலைத் தேடிப் போனோம். இருந்துச்சு. கூடவே நடந்தோம். இருநூறு அடி தாண்டினதும் ஒரு காலி மனைக்குள்ள போய் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் குப்பை, ஆகாயத்தாமரை, ஒரு பங்ச்சர் கடை. கடைக்காரர் கேட்டார்: “தம்பிங்களா, கார்ப்பரேஷனா?” இல்லண்ணே, ஸ்டூடன்ட்ஸ்னோம். “போன மழைக்கு என் கம்ப்ரஸரே முழுகிப் போச்சு. அதையும் எழுதிக்குங்க” என்றார்.

எழுதிக்கிட்டோம். போட்டோ, தேதி, எங்கே ஆரம்பிச்சு எங்கே நின்னுதுங்கிற கையால வரைஞ்ச மேப். ரெண்டு பக்கத்துல நிபுணர் குழுவுக்குக் கடிதம், ரிஜிஸ்டர் தபால்ல. ஆவேசமா எதுவும் இல்லை. அந்த ஒரு வரியையும் வடிகால் போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சோம், அவ்வளவுதான்.

முடிவு அனுமதின்னே வந்தாலும் ஏழு நாளுக்குள்ள ரெண்டு உள்ளூர் பேப்பர்ல விளம்பரம் கொடுத்தாகணும், ஒண்ணு தமிழ்ல. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள். தக்க காரணம் காட்டினா இன்னும் 60 நாள் வரை விடுவாங்க, அதுக்கு மேல கிடையாது. அதனால நண்பன் இப்போ டீக்கடையில பேப்பர் எடுத்தா, சினிமா பக்கத்தை என்கிட்ட கொடுத்துட்டு விளம்பரப் பக்கத்தை அவன் வெச்சுக்கிறான்.