மேடைப் பெட்டிக்கு வீட்டில் என்ன வேலை?

எங்கள் மூலக்கொத்தளத்தில் இப்போது ஒரு புது மோகம். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கழித்துப் போடும் 18 இஞ்ச் பேஸ் பெட்டியை மலிவு விலைக்கு வாங்கி வந்து, வீட்டு ஸ்டீரியோவோடு சேர்க்கிறார்கள். எப்படி என்று கேட்டால், "ரெண்டு ஒயரு குடுத்தா முடிஞ்சுது சார்" என்று பதில் வருகிறது. முடியவில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அதனால் ஸ்டீரியோவுக்கு ஒரு கேடு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கேடு. முதலாவதைப் பற்றியாவது நாலு பேர் பேசுகிறார்கள். இரண்டாவதை யாருமே பேசுவதில்லை.

பேஸ் கேட்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. பேஸ் கிடாரின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் என்ன செய்கிறது என்று கேட்க ஒரு பையன் ஆசைப்பட்டால், அவன் காது நல்ல காது என்பேன்.

ஆனால் மேடைப் பெட்டி மைதானத்துக்காகச் செய்தது. 'பாசிவ்' என்றால் உள்ளே ஆம்ப்ளிஃபயர் கிடையாது, வெறும் ஸ்பீக்கர்தான். வீட்டு ஸ்டீரியோவின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கருக்கு மட்டுமே இடம் இருக்கும். அதே முனையில் இதையும் மாட்டினால், 8 ஓமும் 8 ஓமும் இணையாகச் சேர்ந்து 4 ஓம் ஆகும். மின்னோட்டம் இரண்டு மடங்கு போகும். அதற்குத் தயாராக இல்லாத செட் சூடேறி, ஒருநாள் அதன் அவுட்புட் ஐ.சி. போய்விடும். சிலர் இடதுபக்கச் சிவப்பு முனைக்கும் வலதுபக்கச் சிவப்பு முனைக்கும் நடுவே பெட்டியை மாட்டுகிறார்கள். சாதாரண ஸ்டீரியோவில் அப்படிச் செய்தால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்டிக்குப் போகும். பேஸ் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே பதிவாகியிருப்பதால் அது கழிந்துவிடும். பேஸ் பெட்டியில் பேஸே இருக்காது!

சரியான வழி இது. ஸ்டீரியோவில் 'பிரீ அவுட்' அல்லது 'சப் அவுட்' இருந்தால் அங்கிருந்து சிக்னலை எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார் செட்டுக்குப் போடும் ஹை-லோ கன்வெர்ட்டர் ரிச்சி தெருவில் கிடைக்கும். அந்தச் சிக்னலை கிராஸ்ஓவரில் 80 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டி, தனி பவர் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, அதிலிருந்து பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் வீட்டு ஸ்பீக்கர் 88 டெசிபலை ஒட்டிக் கொடுக்கும்; மேடைப் பெட்டி 98-ஐ ஒட்டிக் கொடுக்கும். இந்தப் பத்து டெசிபலை வீட்டு ஸ்பீக்கர் எட்ட வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். பத்தடி அறைக்கு இது எதற்கு?

இனி பக்கத்து வீடு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். நம் அறையோ மூன்று மீட்டர். சுவர் தடுக்கும் அளவும், அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும் என்பது பொதுக் கணக்கு. அதனால்தான் நம் நாலரை இஞ்ச் பொதுச்சுவரில் பாட்டின் வார்த்தைகள் நின்றுவிட, "தும் தும்" மட்டும் அந்தப் பக்கம் போகிறது. அந்தப் பக்கத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிற துறைமுகத் தொழிலாளி இருக்கிறார். கைக்குழந்தை இருக்கிறது. பாட்டு இவனுக்கு, அதிர்ச்சி அவர்களுக்கு என்றால் அது என்ன நியாயம்?

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கோப்பு பார்த்தே காலம் கழித்தவன் நான். விதியைப் படித்தால் அட்டவணையையும் சேர்த்துத்தான் படிப்பேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். தனியார் ஒலிக்கருவி என்றால் தன் எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபல் வரை போகலாம். எல்லாமே 'ஏ' எடையில் அளப்பது. அந்த 'ஏ' எடை 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலையும், 40 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 35 டெசிபலையும் கழித்துவிட்டுத்தான் கணக்குக் காட்டும். அதாவது பகலில் எல்லைச் சுவரில் 40 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் 90 டெசிபலுக்கு அதிர்ந்தாலும் மீட்டர் 55 என்று சொல்லும். பாத்திரம் ஆடும், சட்டம் ஆடாது.

மனிதக் காதுக்கும் பேஸ் குறைவாகத்தானே கேட்கும், அதற்காகத்தானே 'ஏ' எடை என்று விவரம் தெரிந்தவர்கள் வாதாடலாம். மெல்லிய ஒலிக்கு அது சரி. 'ஏ' எடையே மெல்லிய ஒலியை வைத்து வரைந்த கோடுதான். ஒலி பெரிதாகப் பெரிதாக, காது பேஸுக்குக் கொடுக்கும் இந்தத் தள்ளுபடி குறைந்துகொண்டே வரும். மீட்டர் மட்டும் பழைய தள்ளுபடியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் பழக்கத்தில் அவர்கள் சட்டத்தையும் தேடிப் பார்த்தேன். இசை அரங்குகளுக்கு 1998-இல் அவர்களும் 'ஏ' எடையில் 105 என்றுதான் விதித்திருந்தார்கள். 2017 ஆணையில் அதை 102 ஆகக் குறைத்து, பேஸைக் கழிக்காத 'சி' எடையில் 118 என்று இரண்டாவது வரம்பையும் சேர்த்தார்கள். அது அரங்குக்கான விதி, வீட்டுக்கானது அல்ல. ஆனாலும் ஒரே மீட்டர் போதாது என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் விதியிலும் 'சி' எடையில் ஒரு வரம்பு வர வேண்டும்.

"கன்டெய்னர் லாரி, ரயில் எல்லாம் இரைகிற ஊரில் எங்கள் பெட்டி மட்டும்தான் குற்றமா?" என்று ஒரு தம்பி கேட்டான். வடசென்னைக்காரன் மேளம் தட்டினாலே முகம் சுளிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. கானாவும் வேண்டும், பறையும் வேண்டும். ஆனால் அவை தெருவில் எல்லாருக்கும் முன்னால் ஒலித்து, வேளை முடிந்ததும் ஓய்கின்றன. லாரியும் ரயிலும் ஏற்கெனவே உலுக்குகிற ஊர் என்பதால்தான், மிச்சமிருக்கும் அமைதி இங்கே இன்னும் விலை கூடியது.

தம்பிகளே, 8 இஞ்ச் அல்லது 10 இஞ்சில், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த வீட்டு சப்ஊஃபர் ஒன்று வாங்குங்கள். பொதுச்சுவரைத் தொடாமல் வையுங்கள். ஒலி அளவை முடிவு செய்யும் முன், பக்கத்து வீட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவர்கள் வீட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். சட்டத்து மீட்டருக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்கும்.